ஓவன் கோழி சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு ட்ரே கோழிக்கால், அதன் கீழே உருளைக்கிழங்கு, பக்கத்தில் சோறோ சப்பாத்தியோ என்று இரவுச் சாப்பாட்டை முடிப்பது கைக்கு அடக்கமான வழி. பொரிக்க ஆகும் எண்ணெய் மிச்சம், அடுப்பருகே நிற்கும் நேரமும் மிச்சம். ஆனால் ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) வாங்கிய புதிதில் பலருக்கும் கோழி ஏமாற்றிவிடுகிறது. மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும், இல்லையென்றால் அவித்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். உடனே மசாலாவை மாற்றிப் பார்க்கிறார்கள். மசாலாவில் குற்றம் இருப்பது அபூர்வம். கறியில் எவ்வளவு ஈரம் ஒட்டியிருந்தது, சூடேற்றும் ராடுக்கும் கறிக்கும் எவ்வளவு இடைவெளி, ஓவனுக்குள் உண்மையில் எத்தனை டிகிரி, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். பெரும்பாலான கோளாறு அங்கேதான் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செய்முறை

கீழே சொல்லும் எல்லாமே இந்த அளவை வைத்துத்தான். 28 முதல் 30 லிட்டர் வரையுள்ள ஓடிஜிக்கு இது பொருந்தும்.

தொடையும் காலும் சேர்ந்த முழு லெக் பீஸ் 5. ஒவ்வொன்றும் 220 முதல் 250 கிராம், மொத்தம் சுமார் 1.2 கிலோ. தூள் உப்பு 15 கிராம், அதாவது தலைதட்டி அளந்த டீஸ்பூனில் இரண்டரை. கெட்டித்தயிர் 100 கிராம், இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை டேபிள்ஸ்பூன், காஷ்மீர் மிளகாய்த்தூள் 1 டேபிள்ஸ்பூன், காரமான மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், மல்லித்தூளும் மிளகுத்தூளும் தலா 1 டீஸ்பூன், மஞ்சள்தூளும் கரம் மசாலாவும் தலா அரை டீஸ்பூன், கடலை எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். உருளைக்கிழங்கு 600 கிராம், பெரிய வெங்காயம் 2. எலுமிச்சை அரை மூடி, அது கடைசியில்.

ஒவ்வொரு காலிலும் எலும்பைத் தொடும் ஆழத்துக்கு மூன்று கீறல். முதலில் உப்பை மட்டும் தேய்த்துப் பத்து நிமிடம் விடுங்கள், பிறகு மசாலாக் கலவை. ஃப்ரிட்ஜில் குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் முந்தைய இரவே. வேகவைப்பதற்கு இருபது நிமிடம் முன்பு வெளியே எடுங்கள். மேல் ராடு, கீழ் ராடு இரண்டையும் போட்டு 200 டிகிரியில் 15 நிமிடம் வெறும் ஓவனைச் சூடாக்குங்கள். கம்பித்தட்டு நடுத்தட்டில், அதன்மேல் கோழி. அதற்கு அடுத்த கீழ்த்தட்டில் ட்ரே, ட்ரேயில் அரைவேக்காடாக அவித்த கிழங்கும் வெங்காயமும். 25 நிமிடத்தில் கோழியைத் திருப்புங்கள், மேலும் 20 முதல் 25 நிமிடம். கடைசி 5 நிமிடம் மேல் ராடு மட்டும் 230 டிகிரியில். வெளியே எடுத்து எட்டு நிமிடம் அப்படியே விட்டு, எலுமிச்சை பிழிந்து பரிமாறுங்கள்.

கன்வெக்ஷன் மைக்ரோவேவ் என்றால் உள்ளே விசிறி சுற்றும், வெப்பம் வேகமாக ஏறும். அதனால் 180 டிகிரி போதும். உயரமான கம்பித்தாங்கியில் வைக்காமல் தாழ்வான தாங்கியில் வையுங்கள். மைக்ரோ முறையும் கன்வெக்ஷனும் கலந்து ஓடும் காம்பினேஷன் முறையில், கையேடு அனுமதிக்காத உலோக ட்ரேயைப் பயன்படுத்தக் கூடாது.

மேலே கருகிவிட்டது, எலும்பருகே இன்னும் பச்சை

கோழி மேல் ராடுக்கு மிக அருகில் இருந்திருக்கிறது. கறியின் உச்சிக்கும் ராடுக்கும் நடுவே குறைந்தது நான்கு விரல்கடை இடம் வேண்டும். 20 லிட்டருக்குக் குறைந்த ஓடிஜியில் முழு லெக் பீஸ் வைத்தால் இந்த இடைவெளி கிடைப்பதே கஷ்டம். அங்கே தொடையையும் காலையும் மூட்டில் பிரித்து, தட்டையாகக் கிடத்துங்கள்.

இன்னொரு காரணம் இனிப்பு. தேன், சர்க்கரை, தக்காளி சாஸ் எதைச் சேர்த்தாலும் 200 டிகிரியில் அரைமணிக்குள் கருப்பாகிவிடும். இனிப்பு பூச விரும்பினால் கடைசி பத்து நிமிடத்தில் பூசுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறி முழுதாக உறைபனி விடாமல் உள்ளே போனாலும் இதே அறிகுறிதான் தெரியும். கையால் அழுத்தினால் மேலே மெத்தென்று இருக்கும், எலும்பைச் சுற்றி மட்டும் ஐஸ் இருக்கும். ஒரு கிலோ கோழி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உறைபனி விட ஓர் இரவு முழுதும் வேண்டும்.

இப்போதே ட்ரே கருகிக்கொண்டிருக்கிறது என்றால், மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தி, தாள் ராடைத் தொடாதபடி மடக்கி, 180 டிகிரிக்கு இறக்கி இன்னும் 15 நிமிடம் வையுங்கள். தாளைக் கறியோடு ஒட்ட வேண்டாம். தயிரும் எலுமிச்சையும் பட்டால் தாளில் பொடி ஓட்டை விழுந்து சாம்பல் நிறக் கறை கறியில் இறங்கும்.

வெந்துவிட்டது, ஆனால் எலும்போரம் சிவப்பு

இதைப் பார்த்துத்தான் பல வீடுகளில் நல்ல கோழி இன்னும் அரைமணி ஓவனுக்குள் போய்ச் சக்கையாகிறது. பிராய்லர் கோழி ஏறத்தாழ ஆறு வாரத்திலேயே கறிக்கடைக்கு வந்துவிடுகிறது. அந்த வயதில் எலும்பு முற்றியிருக்காது, நுண்துளை அதிகம். சூடேறும்போது மஜ்ஜையின் சிவப்பு வெளியே கசிந்து எலும்பை ஒட்டிய கறியில் ஏறும். உறையவைத்து எடுத்த கோழியில் இந்தக் கறை இன்னும் கருஞ்சிவப்பாகத் தெரியும். நிறத்தை வைத்து வெந்ததா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

தீர்ப்புச் சொல்வது சூடு. ஊசி முனையுள்ள கிச்சன் தெர்மாமீட்டரைத் தொடையின் தடித்த பகுதியில், எலும்பில் முட்டாமல் குத்துங்கள். 74 டிகிரி காட்டினால் கிருமிகளைப் பொறுத்தவரை பாதுகாப்பு. ஆனால் தொடையும் காலும் 74 டிகிரியில் சாப்பிட ரப்பராக இருக்கும். அவற்றில் உள்ள இணைப்புத் திசு கரைந்து கூழாக 80 முதல் 85 டிகிரி வரை போக வேண்டும். கால் துண்டு தாராளமாகத் தாங்கும், வறண்டுபோகாது. நாம் நெஞ்சுக்கறியை விட்டு லெக் பீஸை எடுக்கச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்: ஐந்து நிமிடம் கூடிப்போனாலும் மன்னிக்கும்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். காலின் நுனியில் கறி மேலேறி எலும்பு வெளியே தெரிய வேண்டும். காலைப் பிடித்து லேசாகத் திருகினால் மூட்டு இளகிக் கொடுக்க வேண்டும். கத்தி முனையால் எலும்புவரை பிரித்தால் கறி நார்நாராகப் பிரிய வேண்டும். கண்ணாடிபோல் மினுங்கி வழுவழுப்பாக இருந்தால் அது பச்சை, திரும்ப உள்ளே போகட்டும். ஒன்று மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள்.

தெர்மாமீட்டரே சரியா என்று சந்தேகம் வந்தால் நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் வையுங்கள், பூஜ்யம் காட்ட வேண்டும். கொதிநீரில் சோதிப்பவர்கள் ஊரின் உயரத்தையும் நினைவில் வையுங்கள். சென்னையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும்.

ட்ரே நிறையத் தண்ணீர், கோழி வெளுத்துப்போய் அவித்ததுபோல்

அதிகம் பேர் சொல்லும் புகார் இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம். தண்ணீர் இருக்கும்வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. செம்பழுப்பு நிறமும் சுட்ட மணமும் வர மேற்பரப்பு 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். ஆகவே ஓவனில் ஏற்றும் சூடு முழுவதும் முதலில் தண்ணீரை ஆவியாக்குவதற்கே செலவாகிறது.

எங்கிருந்து வந்தது அந்தத் தண்ணீர்? கழுவியதிலிருந்து தொடங்குங்கள். மஞ்சள்தூள் போட்டு மூன்று முறை அலசி, பிழியாமல் கொள்ளாமல் அப்படியே மசாலாவில் போடுவது நம் வீடுகளில் பழக்கம். குழம்புக்கு அது கெடுதல் செய்யாது. ஓவனுக்கு அதுவே வினை. அமெரிக்க வேளாண் துறை போன்ற உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் கோழியைக் கழுவவே வேண்டாம் என்கின்றன. தெறிக்கும் தண்ணீரோடு கிருமி சிங்க், பாத்திரம், காய்கறி என்று பரவும், கறியில் உள்ளதை எப்படியும் சூடு கொன்றுவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்றால், குழாயை மெதுவாகத் திறந்து ஒரே அலசல், பிறகு ஓட்டைத்தட்டில் கால்மணி வடியவிட்டு, பேப்பர் துண்டால் கீறலுக்குள்ளும் ஒற்றி எடுங்கள். சிங்க்கை உடனே சோப்புப் போட்டுத் தேயுங்கள். துணியால் துடைத்தால் அந்தத் துணி நேராக வெந்நீருக்குப் போக வேண்டும்.

அடுத்தது தயிர். பாக்கெட் தயிரை அப்படியே ஊற்றினால் பாதிக்கு மேல் தண்ணீர்தான் ஊற்றுகிறீர்கள். மெல்லிய துணியில் 200 கிராம் தயிரைக் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டால் சுமார் 100 கிராம் கெட்டியாக மிஞ்சும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். ஊறிய பிறகு பாத்திரத்தின் அடியில் தேங்கும் நீர்த்த மசாலாவை ட்ரேயில் ஊற்றாதீர்கள். கம்பித்தட்டில் வைக்கும்முன் ஒவ்வொரு துண்டையும் தூக்கிப் பிடித்து வழியவிடுங்கள். பூச்சு மெலிதாக, கறியின் கீறல் தெரிகிற அளவில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, நெரிசல். துண்டுக்கும் துண்டுக்கும் ஒரு விரல் இடைவெளி இல்லையென்றால் நடுவில் ஆவி சிக்கிக்கொள்ளும். 30 லிட்டர் ஓவனில் ஐந்து கால் சரி, எட்டு வைத்தால் இரண்டு ஈடாகப் போடுவதே நல்லது. ஆழமான கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தாலும் இதே கதை, உயரமான சுவர் ஆவியைப் பிடித்து வைக்கும். கண்ணாடி மெதுவாகச் சூடேறுவதால் அடிப்பக்கமும் சிவக்காது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கண்ணாடிப் பாத்திரத்தைச் சூடான ஓவனுக்குள் தள்ளினால் வெடித்துவிடும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இப்போது தண்ணீர் தேங்கிவிட்டது, என்ன செய்யலாம்? ட்ரேயை எடுத்து நீரைச் சிறு வாணலியில் வடித்துவிடுங்கள். கோழியை மட்டும் கம்பித்தட்டில் வைத்து மேல் ராடு மட்டும் 230 டிகிரி, 8 முதல் 10 நிமிடம், கண் எடுக்காமல் பாருங்கள். வடித்த நீரை அடுப்பில் கொதிக்கவிட்டுக் குறுக்கினால், எண்ணெய் பிரிந்து மினுங்கும் கெட்டிக் குழம்பு நாலைந்து கரண்டி கிடைக்கும். சோற்றுக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

சொன்ன நேரம் ஆகியும் வேகவில்லை

வெற்று ஓவன் 200 டிகிரிக்கு ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று கவனியுங்கள். வழக்கமாக 12 நிமிடத்தில் அணையும் விளக்கு, 20 நிமிடம் ஆகியும் எரிந்துகொண்டிருந்தால் வோல்டேஜ் குறைவு. ராடு தரும் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 200-க்கு இறங்கினால் சூட்டில் கால்பங்கு போய்விடும், 190-க்கு இறங்கினால் மூன்றில் ஒரு பங்கு. கோடைக்கால இரவில் தெருவே ஏசி போட்டிருக்கும் நேரத்தில் இது சாதாரணம். ராடு அடர்சிவப்பாக இல்லாமல் மங்கலான பழுப்பில் நின்றால் அதுதான் அடையாளம். டிகிரியைக் கூட்டுவதால் பயனில்லை, ராடு ஏற்கெனவே முழு மூச்சில் எரிகிறது. நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது மாலை ஆறு மணிக்கே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

வோல்டேஜ் சரி, ஆனாலும் ஒவ்வொரு முறையும் இதே தொல்லை என்றால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பொய் சொல்கிறது. திருகும் குமிழ் உள்ள ஓடிஜிக்களில் 20, 30 டிகிரி வித்தியாசம் புதிதல்ல. உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் வெள்ளைச் சர்க்கரையே போதும். அது 186 டிகிரியை ஒட்டி உருகும். ஒரு டீஸ்பூன் சர்க்கரையைத் தாளில் பரப்பி, 175 டிகிரியில் வைத்த ஓவனில் 15 நிமிடம் விடுங்கள். உருகக் கூடாது. உருகினால் உங்கள் ஓவன் காட்டுவதைவிட அதிகம் எரிகிறது. வேறு சர்க்கரை எடுத்துக் குமிழை 200-க்குத் திருப்பி 15 நிமிடம் பாருங்கள். உருக வேண்டும். உருகவில்லையென்றால் உள்ளே சூடு குறைவு, இனி எப்போதும் 20 டிகிரி கூட்டியே வையுங்கள்.

ஓர் ஓரம் மட்டும் கருகி மறு ஓரம் வெளுத்திருந்தால் சர்க்கரை உதவாது. கம்பித்தட்டு முழுக்க பிரெட் துண்டுகளை அடுக்கி 200 டிகிரியில் ஆறேழு நிமிடம் வையுங்கள். எந்த மூலை முதலில் சிவக்கிறதோ அங்கேதான் சூடு அதிகம். பெரும்பாலும் அது பின்பக்கம். தடித்த தொடைப்பகுதி அந்தப் பக்கமும் மெல்லிய கால் நுனி கதவுப் பக்கமும் வரும்படி அடுக்குங்கள், பாதி நேரத்தில் தட்டையும் முன்பின்னாகத் திருப்புங்கள்.

அடிக்கடி கதவைத் திறப்பதும் ஒரு காரணம்தான். கண்ணாடி வழியாகப் பாருங்கள்.

நெஞ்சுக்கறி சக்கையாகிவிட்டது

நெஞ்சுக்கறியில் கொழுப்பும் குறைவு, கரைய வேண்டிய இணைப்புத் திசுவும் குறைவு. 74 டிகிரியைத் தாண்டிய ஒவ்வொரு டிகிரிக்கும் அது தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். காலோடு ஒரே ட்ரேயில் 45 நிமிடம் வைத்தால் வேறு எப்படியும் ஆகாது. எலும்போடு உள்ள நெஞ்சுத்துண்டை 28 நிமிடத்திலிருந்து சோதித்து, 72 டிகிரி காட்டியதும் எடுத்து மூடிவையுங்கள். மீதியை உள்ளிருக்கும் சூடே முடித்துவைக்கும். பரிமாறும்முன் 74 தொட்டதா என்று இன்னொரு முறை குத்திப் பாருங்கள்.

கறிக்கடையில் "பிரியாணிக்கா, குழம்புக்கா?" என்று கேட்டுப் பொடித்துண்டாக வெட்டிக் கொடுத்த கோழியும் ஓவனில் இப்படித்தான் வறளும். "வெட்ட வேண்டாம்ணே, எட்டுத் துண்டா மட்டும் போடுங்க" என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே பொடித்துண்டாகத்தான் இருக்கிறது என்றால் ஓவனை விட்டு வாணலியில் வறுவலாகச் செய்வது மேல்.

தோல் மொறுமொறுப்பாக வரவில்லை

முதல் கேள்வி, தோல் இருந்ததா? நம் கறிக்கடைகளில் கேட்காவிட்டால் தோலை உரித்துவிடுவார்கள். தோலோடு வேண்டும் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். தோல் இருந்தும் இழுபட்டால், அதன்மேல் தயிர் பூசியிருக்கிறீர்கள். தோலுக்கும் தயிருக்கும் ஆகாது. தோலோடு வாங்கினால் உப்பும் மிளகும் மட்டும் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் தனித் தட்டில் ஓர் இரவு வைத்து உலரவிடுங்கள். மற்ற உணவுக்குக் கீழே, சொட்டாத ஆழமான தட்டில் இருக்கட்டும். மசாலாவைத் தோலுக்கும் கறிக்கும் இடையில் விரலை விட்டுத் தள்ளிப் பூசலாம். தோல் இல்லாத கோழிக்கு மொறுமொறுப்பை எதிர்பார்க்காதீர்கள். மேலே கடைசி பத்து நிமிடத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவினால் ஓரங்கள் சிவந்து மணம் வரும், அது போதும்.

மசாலா பச்சை வாடை அடிக்கிறது

எண்ணெய் போதவில்லை. மல்லித்தூளும் மஞ்சளும் எண்ணெயில் சூடேறினால்தான் வாடை போகும். ஓவனில் தாளிப்பு இல்லை என்பதால் அந்த வேலையை முன்பே செய்யுங்கள்: 2 டேபிள்ஸ்பூன் எண்ணெயை மிதமாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, தூள்களைப் போட்டுக் கிளறி, ஆறிய பிறகு தயிரில் கலக்குங்கள். நிறமும் இரட்டிப்பாகத் தெரியும். கலர் பொடிக்கு அவசியமே இருக்காது.

கசப்பாக இருந்தால் பூண்டு கருகியிருக்கிறது. கரகரப்பாக அரைத்த விழுது கறிமேல் துணுக்குத் துணுக்காக ஒட்டி, ராடுக்கு நேராகக் கருகும். மையாக அரைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே உப்பே இல்லை

எலும்போடு சேர்த்து எடைபோட்ட கோழிக்குக் கிலோவுக்கு 12 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி இரண்டு டீஸ்பூன். கல்லுப்பு என்றால் டீஸ்பூன் கணக்கு பொருந்தாது, எடைதான் சரி. மிளகாயும் மஞ்சளும் ஓர் இரவு ஊறினாலும் மேல்தோலைத் தாண்டி அதிகம் போகாது. உள்ளே இறங்குவது உப்பு மட்டும்தான், அதற்கும் நேரம் வேண்டும். அதனால்தான் உப்பை முதலில் தனியாகத் தேய்க்கிறோம். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் கீறலை மூன்றிலிருந்து ஐந்தாக்குங்கள்.

கறி மாவுபோல் குழைகிறது, அல்லது கடிக்கவே முடியவில்லை

குழைந்தால், கறி மெதுவாகட்டும் என்று சேர்த்த பப்பாளிக்காய்தான் காரணம். இளம் பிராய்லருக்குப் பப்பாளி தேவையே இல்லை. எலுமிச்சைச் சாற்றை ஊறவைக்கும்போதே நிறைய ஊற்றி இரவு முழுக்க வைத்தாலும் மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து மாவாகும். எலுமிச்சையைக் கடைசிக்கு ஒதுக்கியது இதற்காகத்தான்.

கடிக்க முடியவில்லை என்றால் கோழியின் வயதைப் பாருங்கள். விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று முட்டைக்கோழியை, அதாவது முட்டையிட்டு ஓய்ந்த லேயர் கோழியை வாங்கியிருக்கலாம். ஒன்றரை வயதைத் தொட்ட கோழி அது. நாட்டுக்கோழியும் இதே வகை. ருசி இவற்றில்தான் அதிகம், ஆனால் 45 நிமிட ஓவன் சூட்டுக்கு மசியாது. குக்கரில் உப்பும் மஞ்சளும் போட்டு, கோழியின் முற்றலைப் பொறுத்து நான்கிலிருந்து ஆறு விசில் விட்டு, எடுத்து உலரவிட்டு, மசாலா பூசி 220 டிகிரியில் 12 நிமிடம் மட்டும் ஓவனில் வையுங்கள். குக்கரில் இருக்கும் தண்ணீர் ரசத்துக்கு. இப்படிச் செய்தால் மலிவாக வாங்கியதற்கும் அர்த்தம் இருக்கும்.

உருளைக்கிழங்கு நறுக்கென்று நிற்கிறது

கோழி வெந்தும் கிழங்கு வேகாததற்குக் காரணம் புளிப்பு. தயிரும் எலுமிச்சையும் பட்டால் கிழங்கின் செல்சுவர் இறுகிவிடும், எவ்வளவு நேரம் வைத்தாலும் நடுவில் கடினம் போகாது. கிழங்கை மசாலாவில் புரட்டி வைக்கிறவர்களுக்கு இது கட்டாயம் வரும். 3 சென்டிமீட்டர் துண்டாக வெட்டி, உப்புப் போட்ட கொதிநீரில் 7 நிமிடம் அவித்து, வடித்து, பாத்திரத்தை மூடிக் குலுக்குங்கள். ஓரங்கள் சற்று உதிர்ந்து மாவு படிந்ததுபோல் ஆகும். அந்த ஓரம்தான் கோழிக்கொழுப்பு சொட்டும்போது பொன்னிறமாகி மொறுமொறுக்கும். வடித்த சூட்டிலேயே ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் புரட்டி ட்ரேயில் பரப்புங்கள். கேரட் வைத்தால் விரல் தடிமனில், அவிக்காமல். குடைமிளகாயும் தக்காளியும் கடைசி 15 நிமிடத்துக்கு மட்டும்.

புகை வருகிறது, ஃப்யூஸ் போகிறது

கீழ் ராடில் கொழுப்பு சொட்டுகிறது. கோழிக்கு நேர் கீழே கிழங்கு ட்ரே இருந்தால் இது நடக்காது. கிழங்கு வைக்காத நாளில் ட்ரேயில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி வையுங்கள், கடைசி பத்து நிமிடத்துக்குள் அது வற்றிவிட வேண்டும். ஓவனின் தரையில் அலுமினியத் தாள் விரிப்பதை விட்டுவிடுங்கள். சூட்டைத் திருப்பி அடித்து ராடைக் கெடுக்கும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. புதிய ஓடிஜியில் முதல் தடவை வரும் புகை ராடில் பூசிய எண்ணெய். வெறுமையாக 15 நிமிடம் ஓடவிட்டால் போய்விடும்.

பிளக் சூடாகிறது, சுவிட்ச் நாறுகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் 1,380 வாட் வரைதான் தாங்கும். 1,500 வாட் ஓடிஜிக்கு 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். மாற்றிச் செருக உதவும் அடாப்டரும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் இங்கே வேண்டவே வேண்டாம். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பாதியில் கரண்ட் போய்விட்டது

கதவைத் திறக்காமல் 15 நிமிடம் பொறுக்கலாம். அதற்குமேல் காத்திருக்காதீர்கள். அரைவேக்காட்டுக் கோழி வெதுவெதுப்பாகக் கிடப்பது கிருமிக்கு விருந்து. கனமான வாணலியில் கோழியையும் ட்ரேயில் இருந்த சாற்றையும் போட்டு, மூடி, சிறு தீயில் 20 நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்புங்கள். பிறகு மூடியை எடுத்துச் சாறு வற்றும்வரை பிரட்டுங்கள். ஓவன் நிறம் வராது, நல்ல பிரட்டல் கிடைக்கும். நாளைக்குத் தொடரலாம் என்று அரைவேக்காட்டை ஃப்ரிட்ஜில் வைப்பது எந்த நிலையிலும் கூடாது.

செலவு எதிர்பார்த்ததைவிட ஏறுகிறது

போன்லெஸ் வாங்கினால் ஏறத்தான் செய்யும், வெட்டும் கூலியையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். லெக் பீஸைவிடவும் சிக்கனம் முழுக்கோழி: உரித்தபின் 1.3 கிலோ வரும் ஒன்றை எட்டுத் துண்டாக்கி, இரண்டு தொடை, இரண்டு கால், இரண்டு நெஞ்சுத்துண்டை ஓவனுக்கும், சிறகு, கழுத்து, முதுகெலும்பை மறுநாள் சூப்புக்கோ மிளகு ரசத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுத்துண்டு முன்னதாக வெளியே வரும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, 1,500 வாட் ஓடிஜி ஒரு மணி நேரம் ஓடினாலும் ராடு விட்டு விட்டுத்தான் எரியும். ஒரு யூனிட்டை ஒட்டித்தான் ஆகும். அதைக் குறைக்க முன்சூட்டை வெட்டாதீர்கள், அது கோழியைக் கெடுக்கும். ஓவனை அணைத்தபின் இருக்கும் சூட்டில் சப்பாத்தியையோ வேர்க்கடலையையோ சூடாக்கிக்கொள்ளலாம்.

மறுநாள் சூடாக்கினால் ரப்பராகிறது

மீதமானதை இரவே, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சித்திரை வைகாசி வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்தான் கெடு. மறுநாள் மைக்ரோவேவில் முழுக்காலைச் சூடாக்காதீர்கள். எலும்பிலிருந்து உதிர்த்து, தவாவில் ஒரு டீஸ்பூன் எண்ணெயும் இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரும் விட்டு மூடி, ஆவி நன்றாகக் கிளம்பும்வரை மூன்று நான்கு நிமிடம் வையுங்கள். வெங்காயம், பச்சைமிளகாய், முட்டை சேர்த்துக் கொத்தினால் காலை இட்லிக்கோ பரோட்டாவுக்கோ இரண்டு பேருக்குத் தாராளமாக வரும். ஒரு முறை சூடாக்கியதைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம்.